மேளம்: ஒரு சொல்லும் அது கூட்டிய கூட்டமும்

மேளம் என்ற சொல் இன்றைய தமிழ் வழக்கில் முதலில் குறிப்பது தோல் கட்டிய ஒரு கொட்டுக் கருவியையும் அதன் ஓசையையுமே ஆகும். ஆனால் அதே சொல்லைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தெலுங்கர் எடுத்தாளும்போது, அது பெரும்பாலும் கருவியைக் குறிக்காமல், சன்னாயி ஊதுபவர், டோலு வாசிப்பவர், சுருதி பிடிப்பவர், தாளம் போடுபவர் ஆகிய எல்லோரும் சேர்ந்த குழுவைக் குறிக்கிறது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னையோடு இணைந்தே இருந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இப்படிப் பலமுறை இடம் மாறினாலும், இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் இடம் மாறவில்லை. ஆகையால், ஒரே சொல் ஒரு வாயில் கருவியாகவும் மறு வாயில் கூட்டமாகவும் ஒலிப்பதை அருகருகே கேட்பதற்கு இவ்வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இவ்விரு பொருளில் கூட்டம் என்பதே மூத்தது.

மில் என்னும் வடமொழி வேருக்குச் சந்தித்தல், ஒன்றுகூடுதல் என்பன பொருள்; மேலனம், மேலகம் முதலியன அதிலிருந்து கிளைத்த சொற்கள். வடநாட்டில் திருவிழாக் கூட்டத்துக்கும் சந்தைக்கும் வழங்கும் மேளா என்பதும் இதுவே. கும்பமேளா என்பதிலும் மேளா மக்கள் கூடும் கூட்டமே. வடமொழியில் லகரமாக உள்ள ஒலி தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ளகரமாக ஒலிப்பது கவனிக்கத்தக்கது. ஏட்டுக் கல்வி வழியாக மட்டும் வந்த சொல்லாயின் மேலம் என்றே தமிழில் எழுதப்பட்டிருக்கக்கூடும். ளகரம் நிலைத்திருப்பதைப் பார்த்தால், விசயநகரக் காலத்துத் தெலுங்கு, கன்னட இசைவாணரின் வாய்வழக்கிலிருந்தே இச்சொல் தமிழுக்குள் பரவலாக இறங்கியது என்று கொள்வது பொருந்தும்.

சொல் பிற்காலத்தது என்பதால் பொருளும் பிற்காலத்தது ஆகிவிடாது. பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பதைப் பழந்தமிழ் பல்லியம் என்று சொன்னது. இயம் என்றால் இசைக்கருவி, இயவர் என்றால் அதை இசைப்பவர். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவருக்குப் பெயரே இருந்தது. சிலப்பதிகார அரங்கிலும் கருவிகள் ஒன்றுகூடி ஒலித்தன. சோழர் கல்வெட்டுகள் கோயிலில் கொட்டும் உவச்சரைப் பேசுகின்றன. பறை, முழவு, தண்ணுமை எனக் கருவிக்குத் தனித்தனிப் பெயரும், கூட்டுக்குப் பல்லியம் என்ற பொதுப்பெயரும் தெளிவாகப் பிரிந்திருந்த மொழியில், கூட்டத்தைக் குறித்து வந்த ஒரு புதுச்சொல் கருவியின் மேல் போய் அமர்ந்ததே இவ்வரலாற்றின் வியப்பான பகுதி.

இசைக்குள் இச்சொல் நுழைந்த வாசல் கொட்டு அல்ல, நரம்பு. வீணையில் மெட்டுகளை எந்தெந்த இடத்தில் பதிப்பது, தந்திகளை எந்தச் சுரத்துக்குக் கூட்டுவது என்னும் அமைப்புக்கே மேளம் என்ற பெயர் வழங்கிற்று. தெலுங்கில் மேளவிஞ்சு என்னும் வினை இன்றும் சுருதி கூட்டுதலையும் ஒன்றோடொன்று இசைவித்தலையும் குறிக்கிறது. 1550இல் ராமாமாத்தியர் இயற்றிய ‘சுரமேளகலாநிதி’ வீணை வகைகளைச் சொல்லும்போது சுத்தமேள வீணை, மத்தியமேள வீணை என்பவற்றோடு அச்சுதராஜேந்திரமேள வீணை என்று ஒன்றையும் குறிக்கிறது. அந்த அச்சுதராயர் இவ்வட்டாரத்துக்கு அந்நியர் அல்லர். சந்திரகிரியில் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், 1529இல் அண்ணன் கிருஷ்ணதேவராயர் மறைந்தபின், திருமலையிலும் காளத்தியிலும் முடிசூடிக்கொண்ட பிறகே தலைநகருக்குச் சென்றார். திருமலைக் கோயிலின் முன்மண்டபத்தில் அவரும் அரசி வரதாம்பிகையும் கல்லுருவில் கைகூப்பி நிற்கின்றனர். அவ்வுருவைக் கடந்து செல்வோரில் மிகப் பலருக்கு, மேளம் என்ற சொல்லை ஒட்டி ஒரு வீணை அம்மன்னர் பெயரைத் தாங்கியது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மெட்டுகளின் அமைப்பு என்ற பொருளிலிருந்து, அவ்வமைப்பில் பிறக்கும் சுரங்களின் தொகுதி என்ற பொருளுக்கு ஓரடிதான் தூரம். ஓர் இராகத்துக்கு வேண்டிய சுரங்கள் கூடி நிற்கும் தொகுதி மேளம் ஆயிற்று. வித்தியாரணியர் 15 மேளங்களைக் கூறினார் என்று தஞ்சைக் கோவிந்த தீட்சிதர் வழி அறிகிறோம். ராமாமாத்தியர் 20 மேளங்களைச் சொன்னார். கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் கணக்கிட்டு 72 என்று முடித்தார். இன்று இசைப்பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மேளகர்த்தா என்பதில் உள்ள மேளத்துக்கும் மணப்பந்தல் மேளத்துக்கும் உறவில்லை என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே, முன்னதில் சுரங்கள் கூடுகின்றன, பின்னதில் மனிதர் கூடுகின்றனர்.

மனிதர் கூடும் மேளத்தைத் தென்மொழிகள் தத்தம் தேவைக்கேற்பப் பங்கிட்டுக்கொண்டன. கன்னடத்தில் யட்சகானக் குழுவுக்கே மேளம் என்று பெயர். கட்டீல் மேளம், தர்மஸ்தல மேளம் எனக் கோயிலின் பெயரால் அவை வழங்குகின்றன. ஒரே குழுவுக்குள் பின்னின்று பாடிக் கொட்டுவோர் ஹிம்மேளம், முன்னின்று ஆடுவோர் மும்மேளம் என்ற பகுப்பும் உண்டு. கேரளத்தில் செண்டை, கொம்பு, குழல், இலைத்தாளம் கூடிய பெருந்தொகுதி மேளம் எனப்படும்; திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்ஞித்தற மேளத்தில் சுமார் 250 கலைஞர் கூடி நிற்பதைக் கண்டவர்க்கு இச்சொல்லின் வேர்ப்பொருளை விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் ஆடல் நாடகக் குழு மேளம் ஆயிற்று. கூச்சிப்பூடிப் பாகவதர் குழுவொன்று சித்தவடத்துச் சிற்றரசனின் கொடுமையை விசயநகர அவையில் நடித்தே காட்டியதாக மாச்சுபள்ளிக் கைபீது என்னும் ஊர்ப்பதிவு கூறுகிறது. அம்மரபு தஞ்சைக்கு வந்து மெலட்டூரில் பாகவத மேளம் என்ற பெயரோடு இன்றும் தெலுங்கிலேயே நடிக்கப்படுகிறது. தமிழ் மண்ணில் மேளம் என்பது ஆட்டக் குழுவைக் குறிக்கும் எச்சம் அதுவே.

தமிழிலும் ஒருகாலத்தில் பெரிய மேளம், சின்ன மேளம் என்ற பகுப்பு எல்லோர்க்கும் தெரிந்திருந்தது. நாகசுரமும் தவிலும் முதன்மையான கோயிற்குழு பெரிய மேளம். நட்டுவனார், முகவீணை, மத்தளம், ஒத்து ஆகியவற்றோடு தேவரடியார் ஆடும் குழு சின்ன மேளம். பின்னதற்கு இணையானதைத் தெலுங்குப் பக்கம் போகம் மேளம் என்றனர். செல்வர் வீட்டுத் திருமணங்களில் அது நிகழ்த்திய ஆடல் மேஜுவாணி எனப்பட்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அன்று சித்தூருக்கும் பொருந்திற்று. வழக்கம் ஒழிந்ததில் இழப்பில்லை. ஆனால் அவ்வழக்கத்தோடு சேர்த்து முகவீணை என்னும் சிறு ஊதுகருவியும் அரங்கிலிருந்து இறங்கிற்று, சின்ன மேளம் என்ற பெயரும் மறைந்தது. சின்னது இல்லாமற்போன பிறகு பெரியதைப் பெரிய மேளம் என்று சொல்லவேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று. தமிழ் இசைக்குடியினரை மேளக்காரர் என்று அழைத்த பழைய பதிவுகளின் சொல்லுக்கு மாற்றாக, இசை வேளாளர் என்ற பெயரை அவர்களே மதிப்போடு ஏற்றனர். ஆந்திரத்தில் சன்னாயி மேளம் பெரும்பாலும் நாயீ பிராமணர் எனப்படும் குடியினரிடமும், கடலோர மாவட்டங்களில் ஷேக் என்னும் அடைமொழி கொண்ட இசுலாமியக் குடும்பங்களிடமும் வளர்ந்தது.

பெரிய மேளத்தின் உறுப்புகள் நான்கு. ஆச்சா மரத்தில் கடைந்த உலவும் கீழே அணசும் மேலே கெண்டையில் செருகிய சீவாளியும் கொண்ட நாகசுரம் முதலாவது. பேச்சுவழக்கில் இது நாயனம், தெலுங்கில் சன்னாயி. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்களை நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் விரும்பி வாங்குவது, பல பத்தாண்டு காய்ந்த மரமே நாதம் தரும் என்பதால். இரண்டாவது தவில், தெலுங்கில் டோலு. பலாமரக் குடத்தின் இரு முகத்திலும் தோல் போர்த்து, சணல் திரித்த தடித்த வளையங்களில் இறுக்கிய இக்கருவியின் வலந்தலையை வாசிப்பவர் விரல்களாலும், தொப்பி எனப்படும் இடமுகத்தைப் பூவரசங் கழியாலும் அடிக்கிறார். வெறும் விரல் அந்த இறுக்கத்தைத் தாங்காது. பசை தோய்த்த துணியை விரல் பருமனுக்குச் சுற்றிக் காயவைத்துக் கல்லைப்போலக் கெட்டியாக்கிய கூடுகளை விரல்நுனிகளில் மாட்டிக்கொண்ட பிறகே முதற்சொல் விழும். மூன்றாவது கைத்தாளம்.

நான்காவது ஒத்து. நாகசுரத்தைப் போன்ற உருவமே எனினும் பாட்டு வாசிக்க விரல்துளை இல்லாத இக்கருவி ஒரே சுரத்தை மூச்சு அறாமல் பிடித்து நிற்பது; மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விடும் பயிற்சி இன்றி இதை ஊத முடியாது. அடுத்தவர் சொல்வதையே சொல்பவனைத் தமிழர் ஒத்து ஊதுகிறான் என்று இகழ்வர். அது நீதியற்ற வழக்கு என்றே சொல்லவேண்டும், ஏனெனில் மணிக்கணக்கில் ஒரு சுரத்தை வழுவாமல் நிறுத்துபவர் இல்லாமல் எந்தத் தோடி இராகமும் நில்லாது. இன்று சுருதிப்பெட்டி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

பெரிய மேளத்தின் நடுவில் நின்றவர்களுள் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பெயரே முதலில் சொல்லப்படும். உச்சமான சுருதியில் ஒலித்த திமிரி நாகசுரத்தின் இடத்தில், நீளம் கூடிய பாரி நாகசுரத்தை அவர் நிலைநாட்டினார். அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசும்படி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளைத் திருத்தி அமைத்தார். சுருதி இறங்கியதால் ஓசை வெளியூர் வரை போகும் தன்மை சற்றுக் குறைந்தாலும், இராகத்தைக் குரலைப்போல வளைத்து விரிக்கும் இடம் கிடைத்தது. தெருவில் சுவாமிக்கு முன் நடந்த மேளம் மேடையில் அமர்ந்து கச்சேரி செய்யும் நிலைக்கு வந்தது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலும் பின்தொடர்வதை விட்டுத் தாமே கேட்கத்தக்க இசையாயின. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1954இல் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்கும், 1956இல் நாகசுரத்துக்காகத் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் கிடைத்தது. இவர்களுள் சித்தூரார் பாடகரே எனினும் அவரைப் பற்றி இங்கே ஒரு சொல் தகும்: தவில், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்களை நிறைத்துப் பாடிய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவர் அவர், பெயரில் மேளம் இல்லாவிடினும் அந்த முழுக் கச்சேரி வேர்ப்பொருளில் மேளமே.

ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரரிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, திருவரங்கத்திலேயே குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். சன்னாயி என்று கற்றதை நாகசுரம் என்று வாசித்த அவரிடம் இரு மொழி மேளமும் ஒன்றாயிற்று.

கூட்டத்தின் பெயர் கருவிக்குள் ஒடுங்கியதைத் தெளிவாகக் காண, கடலுக்கு அப்பால் டொமினிக்கக் குடியரசின் மெரெங்கே இசையை இவ்விடத்தில் ஒப்பிடுவது பொருத்தமானது. அங்கும் தம்போரா என்னும் இருமுகக் கொட்டுக் கருவியை ஒரு முகத்தில் கழியாலும் மறுமுகத்தில் வெறுங்கையாலும் அடிக்கின்றனர். உலோகத்தில் துருவல்போலப் புள்ளியிட்ட குயிராவை உரசித் தாளம் நிறுத்துகின்றனர். அக்கார்டியன் பாட்டைத் தூக்குகிறது. 1930 முதல் 1961 வரை ஆண்ட ட்ருஹியோ மெரெங்கேயை நாட்டின் அடையாளமாக்கினார். கிராமத்துச் சிறுகுழு நடையை அக்கார்டியனில் தாத்திகோ ஹென்ரிகெஸும், ஆடலரங்கப் பாட்டை ஹொசெயிதோ மாத்தேயோவும் (1920–2018), பின்னர் ஜானி வென்ச்சுராவும் (1940–2021) உயர்த்தினர். 2016இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆனால் அப்பெயரின் வேர் இன்றும் தீராத வழக்கு. முட்டை வெண்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் செய்யும் இனிப்புக்கும் அதே பெயர் என்பதால் அதனோடு இணைப்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அங்கே வேர் தெரியாத பெயர் ஆட்டத்தையும் பாட்டையும் முழுமையாகப் பிடித்து நிற்கிறது. இங்கே வேர் தெளிவான பெயர் தன் முழுமையை விட்டுக் கருவிக்குள் ஒடுங்கிற்று.

ஒடுங்கியதற்குக் காரணம் கேட்பவரின் காதே எனலாம். ஊர்வலம் தெருக்கோடியில் வரும்போது முதலில் எட்டுவது கொட்டு. நாயனம் அடுத்து, ஒத்து அருகில் வந்த பிறகே. முதலில் கேட்டதன் மேல் கூட்டத்தின் பெயரை ஏற்றியதால் மேளம் கொட்டுதல், மேளம் அடித்தல் என்ற வினைகள் பிறந்தன. கூட்டம் என்ற பொருள் நின்றிருந்தால் கூட்டத்தை யாரும் அடித்திருக்க முடியாது. அதன்பின் உருமி மேளம், நையாண்டி மேளம், பறைமேளம் எனக் கொட்டு முன்நிற்கும் எதற்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. மேளதாளம் என்ற இணைமொழியில் மட்டும் பழைய பொருள் பாதி விழித்திருக்கிறது.

திருமலைப் பிரம்மோற்சவத்தில் வாகனம் மாடவீதியில் திரும்பும்போது இக்கூட்டம் இன்றும் கூடுகிறது. முன்னே ஜீயர்களோடு தமிழ்ப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி, பின்னே வேதம் ஓதுவோர், இடையே சன்னாயியும் டோலும், அவற்றுக்கு அப்பால் மரச்சட்டங்களைத் தட்டி வட்டமாகத் துள்ளிவரும் செக்க பஜனைக் குழுக்கள். தேவஸ்தானம் நடத்தும் நாதசுர டோலுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளும் இக்கருவிகளை ஏந்துகின்றனர். கீழே நகரத்து மண்டபங்களிலோ, தாலி முடிச்சு விழும் நேரத்தில் புரோகிதர் விரல் உயர்த்த, தமிழர் கெட்டிமேளம் என்று குரல் கொடுக்கின்றனர். அபசகுனமான ஒரு தும்மலும் காதில் விழாதிருக்கவேண்டும் என்பதற்காக, நாயனம் ராகத்தை விட்டு உச்சிக்கு ஏறுகிறது, தவில் கணக்கை விட்டுப் பொழிகிறது, தாளம் நடையை விட்டு விரைகிறது. மூன்று முடிச்சு விழுந்து அட்சதை தீரும்வரை எவரும் தனித்து ஒலிப்பதில்லை.