கணக்கில் ஒரு 'சீ': நம் பிள்ளைகள் நடந்து வந்த தூரம்



சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் கொஸ்லந்தைப் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "புள்ளைக்கு கணக்கு பாஸா சேர்?" என்பதுதான். 'எஸ்' என்றாலே கண் கலங்கிவிடுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் சாதாரண சித்தியான 'எஸ்'ஸுக்குப் பாடசாலையில் 35 புள்ளி, திறமைச் சித்தியான 'சீ'க்கு 50. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போக 'எஸ்' போதாது. இடையில் கிடக்கும் இந்த 15 புள்ளிக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கணக்கு என்றால் கணக்கப்பிள்ளைதான். கொழுந்து நிறுப்பதும், முழுப்பேரா அரைப்பேரா என்று செக்ரோலில் போடுவதும் துரை ஆட்களின் கையில். தொழிலாளியின் கடனை எழுதிவைத்த 'துண்டு' முறை 1921 வரை இருந்தது. அந்தக் கடன் சரியா பிழையா என்று கூட்டிப் பார்க்க நம் முன்னோருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. வந்தது ஓர் அறை, ஒரு வாத்தியார். பத்து வயதானால் பிள்ளை மலைக்குப் போய்விடும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியேதான் நின்றன. 1970களின் தொடக்கத்தில் கணிதம் எல்லா மாணவருக்கும் கட்டாயமானது. அப்போதும் பெரும்பாலான தோட்டப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்று முடித்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பியது 1980களில். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது 1990களில்.

அதாவது, மற்றவர்கள் ஓடத் தொடங்கிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் நம் பிள்ளைகள் கோட்டுக்கே வந்தார்கள்.

2014 ஒக்டோபர் 29 உங்களுக்கு மறந்திருக்காது. மீரியபெத்தையில் மண் சரிந்தது. தப்பிய குடும்பங்கள் வகுப்பறைகளில் படுத்தன. ஆறு வாரத்தில் சாதாரண தரப் பரீட்சை.

ஆகவே, "நம்ம புள்ளைக்கு கணக்கு ஏறாது" என்று இனியாவது சொல்லாதீர்கள். பத்தாம் தரத்தில் தடுமாறும் பிள்ளையைக் கிட்ட இருத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஆறாம், ஏழாம் தரத்துப் பின்னமும் மறை எண்ணும்தான் விட்டுப்போயிருக்கும். அதற்கு ஆள் இல்லாமல் போனது பிள்ளையின் குற்றமல்ல.

கணக்கில் 'சீ'யோ அதற்கு மேலோ எடுத்து வெளியூரில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது இரண்டு மணித்தியாலம் தாருங்கள். பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ, பக்கத்து லயத்து வாசலிலோ, ஒரே ஒரு ஒன்பதாம் தரப் பிள்ளையோடு உட்காருங்கள். அந்த 15 புள்ளியை நாம் எல்லாரும் சேர்ந்தால் கடக்கலாம், இன்ஷா அல்லாஹ்.