இதயம் கேட்கும் அவகாசம்



இன்ஜினியருக்கு இதயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மெட்டீரியல்ஸ் லேபில் நாம் படித்த பாடம் ஞாபகம் இருக்கா? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் ஒடிந்துவிடும். சின்னச் சின்ன அடிகள் சேர்ந்து பெரிய சேதமாகும். இதயத் தசையும் அப்படித்தானே இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

அப்படி இல்லை என்று 1986-ல் காட்டினார்கள், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரெய்மர் மூவரும். நாயின் இதயத் தமனி ஒன்றை 5 நிமிடம் அடைத்தார்கள், 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி 4 தடவை. அதன்பிறகு ஒரேயடியாக 40 நிமிட அடைப்பு. முன்தயாரிப்பு இல்லாமல் நேரே 40 நிமிடம் அடைக்கப்பட்ட நாய்களோடு ஒப்பிட்டால், செத்துப்போன தசை ஏறக்குறைய கால் பங்குதான்! மொத்தக் கணக்கில் 20 நிமிடம் அதிகமாகப் பட்டினி கிடந்த தசை, குறைவாகச் செத்தது.

இது எப்படி? முதல் பட்டினியிலேயே தசை உஷாராகி, எரிபொருளை மெதுவாகச் செலவழிக்கிறது. ரத்தம் குறைந்ததும் செல்கள் அடினோசின் என்ற பொருளை வெளியிடுகின்றன. 1991-ல் ஜேம்ஸ் டௌனி குழுவினர் முயல் இதயங்களில் அடினோசினின் வேலையை மருந்தால் தடுத்தார்கள், பாதுகாப்பும் போய்விட்டது. 1993-ல் இன்னொரு ஆச்சரியம்: ஒரு தமனியை விட்டுவிட்டு அடைத்துத் திறந்தால், பக்கத்துத் தமனியின் தசைக்கும் காப்பு கிடைத்தது.

அப்படியானால் கையை இறுக்கினாலே போதுமா? டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே நோயாளியின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, 5 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்திப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் 2015-ல் பைபாஸ் போன்ற இதய ஆபரேஷன்களில் நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும், 2019-ல் 5,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த சோதனையிலும் பலன் தெரியவில்லை. லேபில் ஓடிய டிசைன் ஃபீல்டில் ஓடாத கதை நமக்குத் தெரியாததா என்ன!

ஜூனியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரி குழு அந்த முதல் ஆய்விலேயே 3 மணி நேரம் அடைத்தும் பார்த்தது. அங்கே பாதுகாப்பு இல்லை. அதை மறைக்காமல் எழுதினார்கள். தலைப்பிலேயே 'தாமதம்' என்ற சொல்லைத்தான் வைத்தார்கள். தசையின் சாவு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் அடைப்பைத் திறந்தால்தான் தசை பிழைக்கும்.

சீனியர்களுக்கும் நம் செட்டுக்கும் ஒரு வார்த்தை. "அடிக்கடி லேசா நெஞ்சு வலி வந்து பழகிடுச்சு, இதயம் கெட்டிப்பட்டிருக்கும்" என்று யாரும் இருந்துவிடாதீர்கள். "வாயுத் தொல்லைதான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். நெஞ்சை அழுத்தினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இதயம் தருவது நிமிடக் கணக்கு அவகாசம்தான். அடுத்த ரீயூனியனுக்கும் எல்லாரும் வரணும், இல்லையா?