கொத்தடிமை முறை: உத்திரமேரூரும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் ஊர் வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும் வேண்டும் என்கிறது முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கி.பி. 921ஆம் ஆண்டுச் சாசனம். நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் குடத்துக்குள் விழ வழியே இல்லை. பாடநூல்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

நிலமும் மனையும் இல்லாமைதான் பின்னாளிலும் ஆளைக் கட்டிப்போட்டது. ஆங்கிலேயர் காலச் செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசுதாரின் (பரம்பரை நில உரிமையாளரின்) நிலத்தில் உழைத்த படியாட்களில் (பண்ணை அடிமைகளில்) பெரும்பாலோர் பறையர்கள். கூலி தானியமாகக் கிடைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. மிராசுதாருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, பழைய வேலையை அப்படியே செய்தது.

இதை அரசின் காதில் உரக்கப் போட்டவர் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர். பறையர் நிலை பற்றிய அவரது 1891ஆம் ஆண்டு அறிக்கை, அத்தகைய சீட்டுகளை எடுத்துக்காட்டியது. குடிசை இருக்கும் மனையே மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும் என்ற நிலையையும் விளக்கியது. ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ போன்றோரும் இதையே சொல்லிவந்தனர். வருவாய் வாரியம் ஏற்கத் தயங்கினாலும், 1892ஆம் ஆண்டு அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்படும் பஞ்சமி நிலங்களுக்கு வழிவிட்டது. அந்த நிலங்களிலும் பல கைமாறிப்போயின. அவற்றை மீட்கச் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமமான காரணையில் 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தின்போது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கடனைச் சட்டமே ரத்து செய்தது; ஆட்களை மீட்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. அதற்குள் ஆட்களும் மாறத் தொடங்கியிருந்தனர். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் அடைபட, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர் கூலி வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். ரைஸ் மில், செங்கல் சூளை, மரவெட்டு என எங்கு போனாலும் முதலில் கைக்கு வருவது முன்பணம். கூலியில் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரவெட்டு இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் 16 பேர் குழந்தைகள். கடன் சிலருக்கு ஆயிரம் ரூபாய்தான். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழ் இருந்தால்தான் சட்டப்படி கடன் ஒழிந்ததற்கு அத்தாட்சி. 2016ஆம் ஆண்டு மத்தியத் திட்டம் வந்தபோது உடனடி உதவி 20,000 ரூபாயாக இருந்தது. மறுவாழ்வுத் தொகை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை. ஆனால் முழுத்தொகையும் முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வயிறு அதுவரை பொறுக்காது. அதனால் அடுத்த சூளையில் மறுபடி முன்பணம் வாங்குகிறவர்களும் உண்டு.