சொல் விற்றுக் கடன் தீர்த்தவர்

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்து, "ஐயா, பேசிப் பணம் வாங்குவது தவறா?" என்று கேட்டான். ஊர்த் திருவிழாவில் பேச அழைத்தவர்கள் அவன் கையில் ஐந்நூறு ரூபாயை வைத்துவிட்டார்களாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அவன் தந்தையார் கூறினாராம். வகுப்பிற்கு நேரமாயிற்று என்று சாக்குச் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். ஆண்டுக்கணக்கில் நாவைக் கொண்டே ஊதியம் பெற்றுவந்த எனக்கு அன்று விடை தெரியவில்லை என்பதே உண்மை. மாணவர்களே, அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அமெரிக்க நாட்டில் 1826-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்பரி என்னும் ஊரில், ஜோசையா ஹோல்புரூக் என்பவர் லைசியம் என்னும் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். மாலை வேளைகளில் ஊரார் ஒன்றுகூடி அறிஞர் உரை கேட்பது அதன் நோக்கம். சிற்றூர்கள் பலவற்றிலும் அத்தகைய சங்கங்கள் பரவின. எமர்சன் போன்ற பேரறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று உரையாற்றினர். ஆனால் ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் பேச்சாளருக்குத் தனித்தனியே கடிதம் எழுதி, நாள் கேட்டு, விலை பேசி முடிப்பதற்குள் பருவமே கடந்துவிடும். பனிக்காலத்தில் இன்று வடக்கே ஓர் ஊர், நாளை தெற்கே ஓர் ஊர் என்று அலைந்து பேச்சாளரும் நொந்துபோவர்.

இக்குறையைக் கண்ட ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் 1868-இல் பாஸ்டன் நகரில் ஒரு முகவர் நிலையம் அமைத்தார். ஊர்களை இரயில் வழியின் வரிசைப்படி அடுக்கி, நாள் குறித்து, கட்டணம் பேசி, அதில் நூற்றுக்குப் பத்து தாம் எடுத்துக்கொண்டார். பேச்சு ஒரு வணிகமானது அன்றுதான் என்று கூறினும் பொருந்தும்.

அவரிடம் சேர்ந்தவர்களுள் ஒருவர் மார்க் ட்வெய்ன். சாமுவேல் கிளெமென்ஸ் என்பது இயற்பெயர். 1866-இல் ஹவாய்த் தீவுகளுக்குச் செய்தியாளராகச் சென்று திரும்பிய அவர், கையில் பணமின்றி, அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு அமர்த்தி, அத்தீவுகளைப் பற்றி உரையாற்றினார். கதவுகள் ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்குத் தொடங்கும் என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தார். மனத்துள் அச்சம் மிகுந்திருந்தபடியால், தக்க இடத்தில் சிரிக்கும்படி நண்பர்கள் சிலரை அவையில் ஆங்காங்கே அமர்த்தியிருந்தாராம். அவர்கள் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை; மண்டபம் நிறைந்துவிட்டது.

மேடையில் இயல்பாகப் பேசுபவர்போல் தோன்றிய அவர், உண்மையில் ஒவ்வொரு சொல்லையும் நெட்டுருச் செய்தவர். தொடக்க நாட்களில், பேச்சின் பகுதிகளை நினைவூட்டும் எழுத்துகளைப் பத்து விரல் நகங்களிலும் மையால் எழுதிக்கொண்டாராம். எந்த விரல்வரை வந்தோம் என்பது மறந்துபோயிற்று; பேசி முடித்த பகுதிக்குரிய எழுத்தை அவையின் முன் நாவால் நக்கி அழிக்கவும் முடியவில்லை. இவர் ஏன் தம் நகங்களையே பார்க்கிறார் என்று அவையோர் வியந்தனர்! பின்னர் சிறுசிறு படங்களாக வரைந்து மனத்திற் பதித்துக்கொள்ளும் முறைக்கு மாறினார். தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு அந்த இரண்டாம் முறை பயன்படலாம்; முதல் முறையைத் தேர்வு மண்டபத்தில் கையாள வேண்டா.

அவருடைய பெரும் பகைவர் செய்தித்தாள் நிருபர்களே. ஒரு பருவம் முழுவதும் ஒரே உரையைத்தான் ஊர்தோறும் விற்க வேண்டும். இன்று பேசியதை நாளைய தாளில் சுருக்கி அச்சிட்டுவிட்டால், அடுத்த ஊரில் அந்த நகைச்சுவை ஆறிப்போன சோறாகிவிடும். கடைச் சரக்கைப் பிறர் எடுத்துத் தெருவில் இலவசமாக வழங்கினால் கடைக்காரர் என்ன செய்வார்?

எழுத்தினால் செல்வம் சேர்ந்தபின் அவர் மேடையைப் பெரும்பாலும் விட்டொழித்தார். இரயில் பயணமும் விடுதி வாழ்வும் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. ஆயின் சேர்ந்த செல்வத்தை அவர் காக்கத் தெரியாதவர். அச்செழுத்துக்களைத் தானே கோக்கும் பெய்ஜ் பொறி என்ற இயந்திரம் ஒன்றில் ஏறத்தாழ 3,00,000 டாலரைக் கொட்டினார். பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட அப்பொறி ஓடிய நாட்களைவிடப் பழுதாகிக் கிடந்த நாட்களே மிகுதி. அவர் நடத்திய பதிப்பகமும் 1894 ஏப்ரலில் முறிந்தது. கடன் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்.

நம் ஊர்களில் மஞ்சள் கடிதம் கொடுப்பது என்பார்களே, அவ்வாறு கைவிரித்துவிட அவருக்குச் சட்டம் இடங்கொடுத்தது. கடன் கொடுத்தவர்கள் கிடைத்த பங்கைப் பெற்றுக்கொண்டு போயிருப்பர். ஹென்றி ரோஜர்ஸ் என்ற எண்ணெய் வணிகர் அவர் கணக்குகளை ஒழுங்குசெய்து உதவினார். துணைவியார் ஒலிவியாவோ, ஒரு காசும் குறையாமல் தீர்க்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஆகவே, தாம் வெறுத்த தொழிலுக்கே அவர் திரும்பினார்.

1895 ஜூலையில் கிளீவ்லாந்து நகரில் உலகப் பயணம் தொடங்கியது. அகவை ஐம்பத்தொன்பது, உடம்பில் ஒரு பெருங்கட்டி வேறு. மனைவியும் மகள் கிளாராவும் உடன் சென்றனர். மற்ற இரு மகள்களும் அமெரிக்காவிலேயே தங்கினர். ஹொனலுலுவில் காலரா பரவியிருந்தமையால் கரையிறங்கவே முடியவில்லை. அவ்வூர் வருவாய் போயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடந்து 1896 ஜனவரியில் பம்பாய் வந்தடைந்தார். அலகாபாத், கல்கத்தா, லாகூர், இராவல்பிண்டி என வடநாடெங்கும் அவர் குரல் ஒலித்தது. திரும்பும் வழியில் சென்னையில் கப்பல் ஒருநாள் நின்றதாகத் தம் நூலில் போகிற போக்கில் ஒரு சொல் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவுதான்! பின்னர் இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா.

ஜூலை இறுதியில் இங்கிலாந்து சேர்ந்தார். பிரிந்திருந்த மகள்கள் அங்கு வந்து சேர்வதாக ஏற்பாடு. வந்ததோ மூத்தவள் சூசிக்கு உடல்நலமில்லை என்ற செய்தி. தாயும் கிளாராவும் கப்பலேறினர். அவர்கள் கடலில் இருக்கும்போதே, 1896 ஆகஸ்ட் 18-ஆம் நாள், மூளைச்சவ்வு அழற்சியால் சூசி இறந்தாள். வயது இருபத்துநான்கு. ஓராண்டுக்கு மேலாக ஊர் ஊராய் மக்களைச் சிரிக்கவைத்த தந்தை அச்செய்தி வந்தபோது இங்கிலாந்தில் தனியே இருந்தார். அத்துயரோடுதான் பயண நூலை இலண்டனில் அமர்ந்து எழுதினார். அது 1897-இல் வெளிவந்தது. மேடை வருவாயும் நூல் வருவாயும் சேர, 1898-இன் தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது.

அந்த மாணவன் ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. மார்க் ட்வெய்ன் கடன் தீர்ந்தபின் கூலிக்குப் பேசும் பயணம் எதனையும் மேற்கொள்ளவில்லை. விருந்துகளிலும் கூட்டங்களிலும் பேசினார், பணம் பெறவில்லை. 1906 ஏப்ரலில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில், நீராவிக் கப்பல் செய்த ராபர்ட் ஃபுல்டனின் நினைவுச் சங்கத்திற்காக ஒரு விடையுரை நிகழ்த்தினார். அவர் ஊதியம் வேண்டாமலே பேசினார். மண்டபம் நிரம்பி வழிந்தது.