பஸ்ஸுக்கு ஓர் ஒழுங்கை

கோப்பாயில் பிறந்தவனுக்கு ஒழுங்கை என்றால், இருபுறமும் கிடுகுவேலி அடைத்த, ஒரு மாட்டுவண்டி மட்டும் போகத்தக்க மணற்பாதை. எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் படலையோரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். யார் ஒதுங்குவது என்பதைச் சாதியும் சொத்தும் தீர்மானித்த காலம் ஒன்றும் இருந்தது. 2017இல் 'பஸ் முன்னுரிமை ஒழுங்கை' என்ற தொடரைச் செய்தியில் முதன்முதலாக எழுதியபோது எனக்கு இந்த வேலிகள்தான் நினைவில் வந்தன. அகலமான ஒரு நகர வீதியின் இடப்பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து அதை ஒழுங்கை என்று அழைத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, அவர் அறியாமலே சரியான சொல்லைப் பிடித்திருந்தார். இங்கும் கேள்வி அதேதான்: யார் யாருக்கு ஒதுங்குவது?

அவ்வாண்டு மார்ச் மாதம், மாநகர மற்றும் மேல்மாகாண அபிவிருத்தி அமைச்சு இராஜகிரியவுக்கும் பொரளைப் பக்கத்து ஆயுர்வேதச் சந்திக்கும் இடையே இந்த ஒழுங்கையைப் பரீட்சார்த்தமாக நடைமுறைப்படுத்தியது. 2020 செப்டெம்பரில் காலி வீதி, பேஸ்லைன் வீதி, ஹைலெவல் வீதி, ஸ்ரீ ஜயவர்தனபுர மாவத்தை ஆகியவற்றில் ஒழுங்கைச் சட்டம் கடுமையாக அமுலானது. பொலிஸாருக்கு உதவியாக இராணுவப் பொலிஸார் வீதியில் இறக்கப்பட்டனர். மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் பஸ்களோடு ஒரே ஒழுங்கைக்குள் தள்ளியதால் கூச்சல் எழுந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். முன்னால் நான்கைந்து முச்சக்கர வண்டிகள் ஊர்ந்தன. பக்கத்து ஒழுங்கையில் தனியொருவராகக் காரில் இருந்தவர் எங்களைக் கடந்து போனார். பஸ்ஸுக்கு முன்னுரிமை என்று பலகை சொன்னது. வீதி வேறொன்றைச் சொன்னது.

இந்த விவாதத்தின் கணக்கு மிக எளிது. ஒரு பஸ் வீதியில் ஏறக்குறைய மூன்று கார்களின் இடத்தைப் பிடிக்கிறது. அதில் அறுபது பேர் போகிறார்கள். அந்த அறுபது பேரும் காருக்கு ஒன்றரைப் பேராகப் போனால் நாற்பது கார்கள் வேண்டும். இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போடும். ஆனால் பத்திரிகையில் நாங்கள் போடவில்லை. 'பஸ்களால் நெரிசல்', 'வாகன சாரதிகள் அவதி' என்று நானே தலைப்பிட்டிருக்கிறேன். செய்தி ஆசிரியர்கள் காரில் வந்தோம், நிருபர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அச்சுக்கூடத்துத் தொழிலாளர்கள். அவர்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை. 'வாகன சாரதி' என்ற சொல்லுக்குள் பஸ் சாரதி அடங்குவதில்லை என்பதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

டில்லியிலும் இதுவே நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு, வீதியின் நடுவில், பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை 2008 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதல் நாளிலிருந்தே ஆங்கில ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அதைத் தாக்கின. பாதையை மூடச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். 2012 ஒக்ரோபரில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் வென்ற பாதை அரசியலில் தோற்றது. சாமானியரின் பெயரைக் கட்சிப் பெயராகவே சூட்டிக்கொண்ட அரசு 2015இல் அதை அகற்றத் தீர்மானித்தது, 2016இல் இடிக்கும் வேலை தொடங்கியது.

கார்க்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிவிட முடியாது. பஸ் என்பது யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு எங்கள் ஊர்ச் சந்திக்குத் திரும்ப வேண்டும்.

கோப்பாய்ச் சந்தி, யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் சந்திக்கும் இடம். 750ஆம் இலக்க பஸ் இருபாலை கடந்து வந்து நின்று, நீர்வேலி நோக்கிப் போகும். முதியவர்கள் சொல்லக் கேட்டது: தனியார் கம்பனிகளின் காலத்தில் பஸ்கள் ஒன்றையொன்று துரத்தின. 1942ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. முழுமையாக முடியவில்லை. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. சம்பளம் வாங்கும் நடத்துநருக்குப் பக்கத்து பஸ்ஸை முந்த வேண்டிய தேவை இல்லை. உச்ச காலத்தில் சுமார் 7,000 பஸ்களோடு உலகின் மிகப்பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்றாக அந்தச் சபை விளங்கியது.

ஆனால் அந்தப் பொதுச் சொத்து வடக்கே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அதே 1958 மார்ச்சில், சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகடு தாங்கிய சபை பஸ்கள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டன. தார் வாளியோடு தமிழரசுக் கட்சியினர் வீதிக்கு வந்தனர். கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான கு. வன்னியசிங்கம் அப்போது கோப்பாய்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தெற்கே தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. நியாயமான கட்டணத்தையும் அவமானத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது அன்றைய அரசு. ஏறியவர்கள் கட்டணத்தை ஏற்றார்கள், எழுத்தை ஏற்கவில்லை.

பின்னர் 1978இல் சபையைப் பிராந்தியங்களாகத் துண்டாடினார்கள். 1979இல் தனியார் பஸ்களுக்குக் கதவு திறந்தது. மினிபஸ்கள் எங்கள் சந்திக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் மகிழ்ச்சிதான். அடிக்கடி பஸ், பாட்டு வேறு. பிறகு துரத்தல் திரும்பி வந்தது. அன்றன்றைய வசூலில் உரிமையாளருக்கு உரியதைக் கொடுத்த பின் மிஞ்சுவதே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி என்றால், முன்னால் போகும் பஸ் உங்கள் சோற்றை அள்ளிக்கொண்டு போகிறது என்றே பொருள். சந்தியில் கால்மணி நேரம் ஆளுக்காகக் காத்து நிற்பதும், பின்னால் சபை பஸ் தெரிந்ததும் வெறிபிடித்தாற்போல் பறப்பதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 'உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ' என்று கத்திய இளைஞனை நானும் திட்டியிருக்கிறேன். அவனுடைய கணக்கு வேறு.

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் இதே போட்டிக்கு அம்மக்கள் 'சில்லறைச் சண்டை' என்று பொருள்படும் ஒரு பெயரையே வைத்திருந்தார்கள். 2000 டிசம்பரில் அங்கே ரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் அமைப்பு தொடங்கியபோது, உலகம் அதன் தனிப்பாதைகளைத்தான் படம் பிடித்தது. ஆனால் பாதை அமைப்பதில் பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974இலேயே முந்திவிட்டது. பொகோட்டாவின் முக்கிய மாற்றம் பணத்தில் இருந்தது: பயணிகளின் தலையை எண்ணி அன்றி, ஓடிய கிலோமீற்றரைக் கணக்கிட்டு பஸ் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். துரத்த வேண்டிய தேவை போய்விட்டது. எங்கள் கொழும்பு ஒழுங்கைகளில் கோடு மட்டும் இருந்தது, இந்த மாற்றம் இல்லை. துரத்துகிறவனுக்குத் தனியாக ஒரு பாதை கொடுத்தால் அவன் அதற்குள்ளும் துரத்துவான்.

எங்கள் ஊர்க்காரர் பலர் வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், எக்ளின்ரன் கிழக்கு வீதி வழியாகச் செந்நிறம் பூசிய பஸ் ஒழுங்கைகள் திறக்கப்பட்டது 2020 ஒக்ரோபரில். கொழும்பில் இராணுவப் பொலிஸார் வீதியில் நின்றதற்கு அடுத்த மாதம்! பெருந்தொற்றின்போதும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் அந்த வழியில் அதிகம் என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் விடியற்காலையில் போகிறவர்கள். அந்த நியாயம் வெள்ளவத்தைக்கும் பொருந்தும், கோப்பாய்க்கும் பொருந்தும்.

இராணுவம் என்றதும் இன்னொன்று. யாழ்ப்பாணத்தார் முதலில் கண்ட முன்னுரிமை ஒழுங்கை பஸ்ஸுக்குரியது அன்று. 1996க்குப் பின்னர் இராணுவத் தொடரணி போகும்போதெல்லாம் வீதி முழுவதும் அதற்கே. பஸ், சைக்கிள், நோயாளியை ஏற்றிய வண்டி, எல்லாம் ஓரத்தில் நிற்க வேண்டும். கோப்பாய்ச் சந்தியில் அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். முதல் வாகனம் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே மறித்துவிடுவார்கள். கடைசி வாகனம் போன பின்னும் உடனே விடமாட்டார்கள். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். ஆகவே 2020இல் காலி வீதியில் சீருடையினர் கை காட்டியபோது, கொழும்பு நண்பர்கள் 'இனியாவது ஒழுங்கு வரும்' என்று சொன்னது எனக்கு உவப்பாக இல்லை. ஒதுங்கச் சொல்பவர் யார் என்பதும் ஒதுங்குபவருக்கு முக்கியம்.

போருக்குப் பின் பருத்தித்துறை வீதி காப்பெற் வீதியானது. யாழ் நகரில் 2021 ஜனவரியில் நெடுந்தூர பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இலங்கைப் போக்குவரத்துச் சபை ஊழியர்கள் தனியாரோடு அங்கு போய் நிற்க மறுத்தார்கள். இணைந்த நேர அட்டவணை பற்றிய பேச்சும் வேலைநிறுத்தமும் மாறி மாறி வந்தன. இரு தரப்பின் வாதங்களையும் செய்தியாக்கினோம். தரிப்பிடத்தில் நிற்பவரின் வாதத்துக்கு வழக்கம்போல் இடம் போதவில்லை.

அண்மையில் ஊருக்குப் போனபோது சந்தியில் ஒரு மூதாட்டி நின்றார். கையில் கிளினிக் கொப்பி. தூரத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னது வேகத்தைக் குறைப்பதுபோல் காட்டி, பின்னதைக் கண்டதும் நிற்காமல் போனது. பின்னது அதைத் துரத்திக்கொண்டு போனது.

"ரெண்டும் போட்டுது, தம்பி" என்றார். "அவங்களுக்கு என்ன அவசரமோ."

அடுத்த பஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. வெயிலில் அவரோடு நானும் நின்றேன்.