அமெரிக்க வீட்டு உரிமையாளர் சங்கங்களின் கொல்லைப்புற வேலி விதிகள்

அமெரிக்க மனைப்பிரிவுகள் பலவற்றில் வீடு வாங்குபவர், வாங்கிய கணமே அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர் ஆகிவிடுகிறார். சந்தா கட்டுவதோடு, மனையின் மேல் பதிவாகியிருக்கும் நிபந்தனைப் பத்திரத்துக்கும் அவர் கட்டுப்பட வேண்டும். கொல்லையில் வேலி போடலாமா, எவ்வளவு உயரம், மரமா இரும்பா, என்ன நிறம் என்பதையெல்லாம் அந்தப் பத்திரமும் அதன் வழியே சங்கம் வகுக்கும் விதிகளும் தீர்மானிக்கின்றன. நகராட்சி அனுமதி கொடுத்த வேலியையும் சங்கம் மறுக்கலாம்.

இந்த அதிகாரத்தின் சட்ட வேர் லண்டனில் இருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை 1808இல் விற்ற டல்க் என்பவர், தோட்டத்தையும் அதைச் சுற்றிய இரும்புக் கிராதியையும் பேண வேண்டும், கட்டடம் எழுப்பக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். நிலம் பல கைகள் மாறி மோக்ஸேயிடம் வந்தது. அவருடைய கிரயப் பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்து வாங்கியவரையும் நிபந்தனை கட்டும் என 1848இல் தீர்ப்பானது. அமெரிக்க நீதிமன்றங்களும் இந்தக் கொள்கையைப் பின்பற்றின. பாஸ்டனின் லூயிஸ்பர்க் சதுக்கத்து வீட்டுக்காரர்கள் நடுவிலிருந்த தோட்டத்தைப் பேண 1844இல் செய்துகொண்ட உடன்பாடு, இன்றைய சங்கங்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

வேலியே கூடாது என்ற எண்ணம் தோட்டக்கலையிலிருந்து வந்தது. 1869இல் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் சிகாகோவுக்கு அருகே வடிவமைத்த ரிவர்சைடு குடியிருப்பில், வீடுகள் சாலையிலிருந்து 30 அடி தள்ளிக் கட்டப்பட வேண்டியிருந்தது; தெருவையொட்டி உயர்ந்த மதில்கள் எழுவதை அவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த புறநகர் வீட்டுத் தோட்டங்கள் பற்றிய நூலில் ஃபிராங்க் ஸ்காட், முன்புறப் புல்தரையை அடைத்து மறைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் குறை என்று வாதிட்டார். பல வீட்டுப் புல்தரைகள் ஒரே பூங்காவாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இருவரின் நோக்கமும். நியூயார்க் அருகே 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பு இந்த எண்ணத்தைக் கொல்லைவரை நீட்டியது. அங்கே மனையின் எந்தப் பகுதியிலும் பலகை வேலிக்கும் இடமில்லை, செடி வேலிக்கும் இடமில்லை.

இதே பத்திரங்களின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லெவிட்டவுனிலும், கன்சாஸ் நகரில் ஜே.சி. நிக்கல்ஸ் உருவாக்கிய குடியிருப்புகளிலும், கறுப்பினத்தவர் குடியேறுவதைத் தடுக்கும் விதிகள் இருந்தன. அத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் கூறியது. வேலி விதிகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

1960களில் பொது நிலம் கொண்ட நெருக்கமான மனைப்பிரிவுகளைக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் ஊக்குவித்தது. அவற்றோடு சங்கங்களும் பெருகின. மனை சிறுத்து, ஒரு வீட்டின் கொல்லை மற்றொன்றின் ஜன்னலுக்கு எதிரே வந்தபோது, முழுத் தடை தாங்கவில்லை. ‘கூடாது’ என்றிருந்த விதி பல இடங்களில் ‘இப்படித்தான் கூடும்’ என்று மாறியது. முன்புறத் தடை மட்டும் பெரும்பாலும் நீடித்தது.

இன்று வேலி போட நினைப்பவர், நில அளவை வரைபடத்தில் வேலிக்கோட்டைக் குறித்து, பொருள், உயரம், நிறம் ஆகியவற்றை எழுதிச் சங்கத்தின் கட்டட வடிவமைப்புக் குழுவிடம் விண்ணப்பிக்கிறார். கொல்லைக்கு 6 அடி உயரம் என்பது பரவலான வரம்பு. கம்பிவலை வேலிக்குப் பல சங்கங்கள் இடம் தருவதில்லை. பொதுவாகப் பலகை வேலியில் தூணும் குறுக்குச் சட்டமும் தெரியும் பக்கம் உரிமையாளரின் கொல்லையைப் பார்க்க வேண்டும். வழவழப்பான பக்கம் அயலாருக்கு. ஏரியையோ கோல்ஃப் திடலையோ ஒட்டிய மனையில் பலகை வேலி மறுக்கப்பட்டு, ஊடே பார்க்கக்கூடிய கிராதி மட்டும் அனுமதிக்கப்படுவதும் உண்டு. அங்கே காட்சியே வீட்டின் விலையில் ஒரு பங்கு. மழைநீர் ஓடுவதற்கென ஒதுக்கிய பட்டையின் குறுக்கே வேலி கூடாது; வந்தால், நீர் தேங்கி அயலார் மனைக்குள் புகும். அழகுக்கான விதிகளைவிட இந்த விதிக்கே நியாயம் அதிகம்.

மீறினால் முதலில் அறிவிப்பு, பிறகு விசாரணை, அபராதம், வழக்கு. வேலியைப் பிரித்தெடுக்கும் உத்தரவும் வரலாம். 1994இல், தடையை மீறி வீட்டில் மூன்று பூனைகள் வளர்த்தது தொடர்பான நார்ஸ்டெட் வழக்கில், பதிவான நிபந்தனைகள் நியாயமானவை என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் எனக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது. சங்கங்களின் கை வலுத்தது. ஆயினும் ஒருவரின் வேலியைக் கண்டும் காணாமல் விட்டு, இன்னொருவரை மட்டும் பிடித்தால், அந்தப் பாரபட்சம் சங்கத்தின் வழக்கைக் கெடுக்கக்கூடும். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது கலிபோர்னியச் சட்டம். டெக்சாஸ் 2021இல் இன்னும் மேலே சென்றது: பாதுகாப்புக்காக மனையைச் சுற்றி வேலி போடுவதைச் சங்கம் தடுக்க முடியாது, எந்த வகை வேலி என்பதை மட்டும் ஒழுங்குபடுத்தலாம் என்றது அந்த ஆண்டுச் சட்டம்.