பார்ணல்லிக் கல்லும் அதன் மணிகளும்

1857 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள், அக்கால மதுரை மாவட்டத்தில், ஆங்கிலேயர் பார்ணல்லி என எழுதிவைத்த ஊரின் அயலிலே, பேரொலியுடன் வானினின்றும் இரு கற்கள் வீழ்ந்தன. இரண்டின் நிறையும் 77.6 கிலோகிராம். நம் நாட்டிலும் 1795 ஏப்ரல் 13 இல் முல்லைத்தீவில் ஒரு கல் வீழ்ந்ததுண்டு. எஞ்சியிருப்பது சிறு துண்டே. பார்ணல்லிக் கல்லோ இலண்டன் சேர்ந்து, பிரித்தானிய நூதனசாலையில் மசுக்கலின் என்பாரால் ஆராயப்பட்டது.

அக்கல் பெரும்பாலும் சிறு உருண்டை மணிகளால் ஆயது. மணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே, 1864 இல் செருமானியரான றோசு இத்தகைய கற்களுக்குக் கொண்டிரைற்று எனப் பெயரிட்டார். அம்மணிகள் உருகிய துளிகளாயிருந்து உறைந்தவை என 1877 இல் சோபி கருதினார். அவற்றின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் என இன்று அறிவோம்.

வியப்புக்குரியது அவற்றின் அளவே. ஓர்ணான் வகைக் கற்களில் சராசரி மணி 0.15 மில்லிமீற்றர், பார்ணல்லி சார்ந்த வகையில் ஏறத்தாழ 0.55, விகரானோ வகையில் 0.9. வகைக்கு வகை மாறும் அளவு, ஒரு வகைக்குள் பெரிதும் ஒத்திருக்கின்றது. இவற்றைத் தரம் பிரித்தது யாது?

தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டார்க்கு இவ்வினாவின் நுட்பம் எளிதில் விளங்கும். சல்லடை அளவை மட்டுமே பார்க்கும். காற்றோ பாரத்தையும் பார்க்கும். பார்ணல்லி போன்ற கற்களிலே கல்மணிகளுடன் இரும்பு நிக்கல் மணிகளும் உள. இரும்பின் அடர்த்தி கல்லினதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. காற்றே பிரித்ததாயின், ஒருங்கு சேர்ந்த இரும்புமணி கல்மணியினும் சிறிதாதல் வேண்டும். ஏனெனில், வாயுவில் ஒரு மணியின் போக்கை அதன் ஆரையும் அடர்த்தியும் பெருக்கிய தொகையே தீர்மானிக்கும். 1976 இல் டொட் என்பார் அளந்து கண்டதும் அதுவே. சல்லடைக்கு அங்கு இடமில்லை.

அக்காற்று யாது? இளஞாயிற்றைச் சூழ்ந்த வாயு வட்டின் கொந்தளிப்பிலே, சிறு சுழிகளுக்கிடையில் ஓரளவான மணிகளே செறிந்து திரளும் என 2001 இல் குசியும் உடனாய்ந்தோரும் கணித்துக் காட்டினர். மணிகள் பிறந்தபோதே அவ்வளவினவாய்ப் பிறந்தன என்பாரும் உளர். இரும்புமணிகளின் சிறுமையை அவர் கூற்று நன்கு விளக்குவதாக எமக்குத் தோன்றவில்லை. ஆயினும், 1967 இல் பின்ஸ் என்பார் பார்ணல்லிக் கல்லிலேயே வழக்கத்துக்கு மிக விஞ்சிய பெருமணி ஒன்றைக் கண்டு எழுதினார். காற்றுக் கொள்கையினர்க்கு அது இன்னும் ஒரு தலையிடியே.